ஜப்பான் கடை வாசலில் விட்ட கார்

எங்கள் மகளுக்குக் கல்யாணம் முற்றாகி நாள் குறித்தபோது நானும் மனைவியும் பிரிந்து ஒரு குளிர்காலம் கழிந்திருந்தது.

விஷயம் மகளுக்குத் தெரியும். அவள் கட்டப்போகிற பையனுக்குத் தெரியும். மற்ற உலகத்துக்கு நாங்கள் இன்னும் ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பகுதி வீட்டில் ஒன்றாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். உண்மையில் அவள் வோபர்னில் ஒரு அபார்ட்மென்டுக்குப் போய்விட்டாள். யாராவது வீட்டுக்கு வந்து "எங்கை ஆளைக் காணேல்லை?" என்று கேட்டால், "வேலை, டபுள் ஷிஃப்ட்" என்பேன். நான் சொன்ன ஷிஃப்டுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், இந்த நாட்டிலேயே அதிகம் உழைத்த பெண் என் மனைவிதான்.

ஏன் போனாள் என்று கேட்பீர்கள். அடிதடி இல்லை, குடி இல்லை, வேறு ஆள் இல்லை. சூட்கேசை மூடிக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்: "உங்களோட ஒரு விஷயம் கதைக்க ஏலாமல் கிடக்கு. எல்லாத்துக்கும் ஒரு பகிடி. நான் களைச்சுப் போனன்."

பயம் வந்தால் என் வாய் தன்பாட்டில் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கப் பார்க்கும். சிலருக்கு விக்கல் எடுப்பதுபோல. அன்றைக்கும் எடுத்தது. "களைச்சால் இரும், சூட்கேசைப் போட்டுட்டு ஏறி இருந்தாலே மூடிடும்" என்றேன். அவள் இருக்கவில்லை.

கல்யாணம் முடிந்த பிறகு எல்லோருக்கும் சொல்லலாம் என்று தீர்மானித்தோம். மணவறையில் தாயும் தகப்பனும் சேர்ந்து நின்று தாரை வார்க்க வேண்டும், பிள்ளையின் நாளில் யாரும் எங்களைப் பற்றிக் குசுகுசுக்கக் கூடாது என்பது அவள் நினைப்பு. என் நினைப்பு வேறு. கல்யாணத்துக்குள் அவள் மனம் மாறித் திரும்பி வந்துவிடுவாள், பிறகு சொல்வதற்கு ஒன்றுமே இருக்காது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு முன்னால் மட்டும் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்.

எங்கள் கணக்கில் ஒன்று விடுபட்டுப்போனது. கல்யாணக் காட், அதாவது அழைப்பிதழ்.

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணக் காட்டைத் தபாலில் போட முடியாது. தாயும் தகப்பனும் சோடியாக வீடு வீடாகப் போக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், தேத்தண்ணி குடிக்க வேண்டும், "கட்டாயம் குடும்பமாய் வரவேணும்" என்று இருவரும் சேர்ந்து காட்டை நீட்ட வேண்டும். ஒருவர் மட்டும் போனால் "ஏன், மனிசி வரேல்லையோ?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னமே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"அப்பா, வாட்ஸ்அப்பில அனுப்புங்கோவன். எல்லாரும் இப்ப அப்பிடித்தான்" என்றாள் மகள்.

"பிள்ளை, வாட்ஸ்அப்பில கூப்பிட்டால் சனம் வாட்ஸ்அப்பிலதான் வரும். கல்யாண ஹோலில சாப்பாட்டை ஆர் சாப்பிடுறது?"

மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது. பிறகு, "சரி. சனிக்கிழமையளில போவம். ஆனால் நான் வீட்டை வரமாட்டன்" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் முன்வீட்டு அன்ரி யன்னல் திரைக்குப் பின்னால் இருந்து தெருவையே நிர்வகிப்பவர். மனைவி தன் காரில் வந்து இறங்கி, என் காரில் ஏறிப் போய், பிறகு வந்து தன் காரில் ஏறிப் போனால், அன்ரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவளுடைய அபார்ட்மென்ட் வாசலோ அதைவிட மோசம். அங்கே லிஃப்டில் ஏறினாலே ஊர்ச்சங்கக் கூட்டத்துக்குள் நுழைந்த மாதிரி. அவளை அங்கே இன்னும் யாருக்கும் தெரியாது, கூட என்னைக் கண்டால் தெரிந்துவிடும். ஆக, தமிழர் வராத ஓர் இடத்தில் சந்தித்து, ஒரு காரை அங்கேயே விட்டுவிட்டு, மற்றக் காரில் சோடியாகப் போக வேண்டும். ஸ்காபரோவில் தமிழர் வராத இடம் தேடிப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அவள்தான் கண்டுபிடித்தாள். விக்டோரியா பார்க் வீதியில் ஒரு சின்ன பிளாசா. ஒரு லோன்ட்ரி, ஒரு பல் டாக்டர், ஒரு மலிவான ஜப்பான் சாப்பாட்டுக் கடை, அந்தத் தொங்கல் முனையில் ஒரு கோப்பிக் கடை. மலிவு என்றால், கொத்துரொட்டி வாங்குகிற காசில் சூப், சலாட், சோறு, சூஷி எல்லாம் ஒரு பெட்டித் தட்டில் வரும். நடத்துகிறவர்கள் ஒரு சீனக் குடும்பம். சுவரில் பிளாஸ்டிக் செர்ரிப் பூ. "முதலில சாப்பிட்டுட்டுப் போவம், போற வீடுகளில பலகாரம்தான் தருவினம்" என்றாள் அவள். அவளுக்கு அது ஒரு வசதி. எனக்கு அது மதியச் சாப்பாட்டுக்கு அவள் என்னை அழைத்தது.

முதல் சனிக்கிழமை நான் நேரத்துக்கு வெகு முன்னால் போய்விட்டேன். சட்டையை இரண்டு தரம் மாற்றியிருந்தேன். தலைக்கு மை அடித்திருந்தேன், அதில் கொஞ்சம் காதிலும் பட்டிருந்தது. ஐம்பது தாண்டிய ஒருவன் சொந்த மனைவியைச் சந்திக்கச் சட்டைப் பையைத் தடவித் தடவி லோன்ட்ரிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்து, உடுப்புத் துவைக்க வந்த ஒரு கிழவர் எனக்குச் சில்லறை வேண்டுமா என்று கேட்டார்.

அவள் வந்தாள். பருத்திச் சேலை, கண்ணாடி, அந்தப் பழைய கைப்பை. "கனநேரமோ?" என்றாள்.

"இப்பதான் வந்தனான்."

"காதில என்ன கறுப்பு?"

"வெயில்."

படம் பார்த்து, நம்பர் சொல்லி ஓடர் கொடுத்தோம். முதலில் மிசோ சூப் வந்தது. ஊரில் கீரிமலைக் கடலில் நீச்சல் பழகும்போது வாய்க்குள் போன கடல் தண்ணீரைச் சூடாக்கித் தந்ததுபோல இருந்தது. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் கிண்ணத்தை வாயிலிருந்து எடுத்து ஒருதரம் உள்ளே பார்த்தாள். அதை ஒரு வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு பெட்டித் தட்டு வந்தது. நான் முள்ளுக்கரண்டி கேட்டேன். அவள் அந்த இரண்டு குச்சிகளையும் உறையிலிருந்து எடுத்து, பிரித்து, ஒன்றோடொன்று தேய்த்து, விரல்களுக்கிடையில் வைத்து, ஒரு சூஷித் துண்டை லேசாகத் தூக்கி வாயில் போட்டாள். ஏதோ பிறந்ததிலிருந்து அப்படிச் சாப்பிட்டவள் மாதிரி. இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்தவள், நான் அறிய ஒரு நாளும் குச்சி பிடித்ததில்லை.

"உது எங்கை பழகினீர்?"

"வேலையில."

"ஆர் பழக்கினது?"

"சாப்பிடுங்கோ."

என் மனம் அங்கே நிற்கவில்லை. யாரோ பழக்கியிருக்கிறான். உயரமானவன். விவாகரத்தானவன். சொந்த வீடு, பின்வளவில் மூங்கில். அவள் அடுத்த துண்டைத் தூக்குவதற்குள் அவனுக்கு ஒரு நாயும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அந்த நாய்க்கு அவளைப் பிடித்தும் போய்விட்டது.

என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, அவளே சொன்னாள். "எங்கட செக்‌ஷன் பெட்டையள் வெள்ளிக்கிழமை வேலை முடிய உப்பிடிக் கடையளுக்குப் போறவை. நானும் இப்ப போறனான். மரக்கறியை மாவில தோய்ச்சுப் பொரிக்கிற டெம்பூரா நல்லாயிருக்கும்."

"ஓ. பெட்டையள்."

"முந்தியும் கூப்பிட்டவை. நான்தான் சமைக்கவேணும் எண்டு வீட்டை ஓடி வந்திடுவன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாயோடு நின்ற அந்த உயரமானவனே தேவலாம் என்று எனக்கு இருந்தது. அவனோடு என்றால் சண்டைக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை டெம்பூராவோடு என்ன செய்வது?

சாப்பிட்டு முடிந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு வாஷ்ரூமுக்குப் போனாள். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. ஜப்பான் கடை வாஷ்ரூமுக்குள் போன யாரோ ஒருத்தி என் மனைவியாக வெளியே வந்தாள்.

"வாங்கோ, போவம்" என்றாள்.

முதலில் போனது மார்க்கம் நகரில் என் ஒன்றுவிட்ட அண்ணை வீடு. அண்ணை காட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கினார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கள் ரெண்டு பேரையும் பாக்க வயிறு குளிருது. இஞ்சத்தைச் சனம் இப்ப சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிரியுதுகள்."

என் மனைவி நிலக்கம்பளத்தின் பூக்களை எண்ணத் தொடங்கினாள். எனக்கு விக்கல் எடுத்தது.

"நாங்கள் பிரியேலாது அண்ணை. மோர்ட்கேஜ் ரெண்டு பேற்ர பேரிலயும் கிடக்கு."

அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். அண்ணி அடுப்படியில் இருந்து சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். மனைவிமார் சபையில் சிரிக்கிற அந்தச் சிரிப்பு, தலையை ஒரு பக்கம் சரித்து, "உந்த மனிசனோட நான் படுற பாடு" என்கிற சிரிப்பு. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அக்கா, இவருக்குச் சீனி போடாதேங்கோ. சுகர் கூட" என்றாள்.

நான் அந்தத் தேத்தண்ணியை அமிர்தமாகக் குடித்தேன். கைப்புத்தான். ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்க என் சீனியைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்கவில்லை.

அப்படியே சனிக்கிழமைகள் போயின. ஒவ்வொரு வீட்டிலும் நாங்கள் கெட்டிக்காரர் ஆகிக்கொண்டு வந்தோம். நான் ஒரு கதையைத் தொடங்கினால் அவள் இடையில் திருத்துவாள்: "அது மழை இல்லை, பனி." நான் பெயரை மறந்தால் அவள் எடுத்துத் தருவாள். எழும்பும் நேரம் வந்தால் அவள் முழங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். முன்பு எங்களுக்குள் இருந்ததெல்லாம் ஒன்றும் குறையாமல் அந்த வீடுகளின் சோபாக்களில் இருந்தது. நடிப்பு என்றால் இப்படியா வரும் என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். பதிலும் நானே சொல்வேன்.

காருக்குள் ஏறியதும் அவள் யன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். பிளாசாவுக்குத் திரும்பி வந்து, அந்தக் கோப்பிக் கடைக்குள் நுழைந்ததும் நேரே வாஷ்ரூமுக்குப் போவாள். வரும்போது பொட்டும் இருக்காது, கொடியும் இருக்காது. ஒரு கோப்பி குடித்துவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்தக் கடையில் கதிரைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, கோப்பி கசாயம் மாதிரி, மடிக்கணினிப் பொடியன்கள் ஒரு கோப்பையோடு நாள் முழுக்க இருப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் மிகச் சூடாகத் தரச் சொல்லிக் கேட்பேன். ஆற நேரம் எடுக்குமே.

ஜூன் முடிகிற நேரம் காட் கொடுக்க வேண்டிய வீடுகள் முடிந்துவிட்டன. அங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன்.

"ஒராளை விட்டுப்போட்டம்" என்றேன். முன்பு எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவர். போனோம். அடுத்த கிழமை இன்னொருவர்: நான் ஒரு முறை செத்தவீட்டு மண்டபத்துக்குப் போனபோது தவறான அறைக்குள் நுழைந்து, யாரென்று தெரியாத ஒரு தகப்பனுக்காக மனமுருகி அழுதுவிட்டு வந்தேன். அந்தத் தகப்பனின் மகன். "அவர் என்னைக் கட்டிப்பிடிச்சவர், கூப்பிடாமல் விடேலுமே?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், ஆனாலும் கைப்பையோடு வாஷ்ரூமுக்குப் போனாள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஹோல் கொள்ளாது என்று செய்தி வந்தது. மகள் போன் எடுத்தாள். "அப்பா, ஆர் இந்த ஆக்கள் எல்லாம்?"

"உன்ர கல்யாணத்தைப் பாக்க ஆசைப்படுகிற ஆக்கள்."

"என்னைத் தெரியுமோ அவைக்கு?"

"இனித் தெரியும்."

கடைசியாக நான் கண்டுபிடித்தது எனக்குக் கார் பழக்கிய மாஸ்டரை. அவர் மிசிசாகாவுக்கு மாறிப்போயிருந்தார். மிசிசாகா என்றால் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், சனிக்கிழமை நெரிசலில் இன்னும் கூட. தமிழர் யாரும் விரும்பிப் போகாத அந்த நெடுஞ்சாலையை நான் ஒரு தேனிலவுப் பயணம்போல நினைத்துக்கொண்டேன்.

"அவர் உங்களைப் பழக்கேலாது எண்டு பாதியில விட்டவரெல்லோ?" என்றாள் ஜப்பான் கடையில்.

"அதுதான். மன்னிச்சிட்டன் எண்டு காட்ட வேணும்."

மாஸ்டர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் விற்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் என்னை அறிமுகப்படுத்தினேன். அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மரியாதைக்கு உள்ளே கூப்பிட்டார். அவர் மனைவி தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மெதுவாக, "நீங்கள் ஆரின்ர பகுதி, எந்தச் சொந்தம்?" என்று கேட்டார். காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மாஸ்டர், கடைசியில் என் மனைவியைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"தங்கச்சியைத் தெரியும். முதல் தரத்திலயே பாஸ் பண்ணின ஆளெல்லோ?"

"ஓம் மாஸ்டர்."

"இவர் ஆர்?"

"இவர் என்ர அவர்" என்றாள் என் மனைவி.

எங்கள் பெண்கள் புருஷனைச் சொல்கிற வழக்கமான சொல்தான். ஆனால் அது அவள் வாயிலிருந்து வந்தது. இதைவிட வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்குக் கேட்டுவிடலாம்.

திரும்பி வரும் வழியில் வாகனங்கள் ஊர்ந்தன. அவள் யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நான் ரேடியோவைப் போட்டேன், நிற்பாட்டினேன், மறுபடி போட்டேன். மனதுக்குள் வசனத்தை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினேன்.

கோப்பிக் கடையில் அவள் வாஷ்ரூமுக்குப் போய்விட்டு வந்து எதிரே இருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கோப்பியைத் தொடவில்லை.

"ஏன் உந்த வீட்டுக்குப் போனனாங்கள்?"

எனக்கு ஒன்றல்ல, பத்துப் பகிடிகள் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. மிசிசாகாவில் காற்று நல்லது. மாஸ்டருக்கு நான் கடமைப்பட்டவன். நாங்கள் போகாவிட்டால் அவர் கல்யாணத்துக்கு வராமல் விட்டிருப்பார். எல்லாவற்றையும் விழுங்கினேன். அது நான் வாழ்க்கையில் விழுங்கியதிலேயே கஷ்டமான சாப்பாடு.

"கொடுக்க வீடு முடிஞ்சால் நீர் வரமாட்டீர். அதுதான். நீர் திரும்பி வீட்டை வரவேணும் எண்டு எனக்கு விருப்பம்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதட்டோரத்தில் ஒரு சிறு ஆயத்தம் இருந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மிச்சத்துக்குக் காத்திருக்கிறாள். நான் ஒன்றைச் சொன்னால் அதன் பின்னால் ஒரு வால் வரும், அந்த வாலில்தான் சிரிப்பு இருக்கும் என்று இத்தனை வருடம் பழகியவள்.

"சரி, சொல்லி முடியுங்கோ" என்றாள்.

"முடிஞ்சுது. அவ்வளவுதான்."

உதட்டோரத்து ஆயத்தம் மெதுவாகக் கலைந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் தேவையே இல்லாத அளவுக்கு நேரம் எடுத்துத் துடைத்தாள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பொடியன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் இப்ப நல்லா நித்திரை கொள்ளுறன்" என்றாள்.

கோபத்தோடு சொல்லியிருந்தால் வழக்காடியிருப்பேன். அழுது சொல்லியிருந்தால் நம்பிக்கை வைத்திருப்பேன். நேற்று என்ன சமைத்தாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். அது முழு உண்மை என்று எனக்குத் தெரிந்தது.

"அந்த வீடுகளில நாங்கள் நல்லாத்தானே இருந்தனாங்கள்" என்றேன்.

"ஓம். அங்கை ஆக்கள் இருந்தவை."

"ஆக்கள் இருந்தால்?"

"ஆக்களுக்கு முன்னால நீங்கள் நல்ல மனிசன். எப்பவும் அப்பிடித்தான். நான் தனிய இருந்து கதைக்கத்தான் ஆள் தேடினனான்."

நான் கோப்பையின் மூடியைத் திறந்து மூடினேன். ஆறிப்போயிருந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவசரமும் காட்டவில்லை, அதுவும் ஒரு இரக்கம்தான் என்று விளங்கியது. கொஞ்சம் கழித்து, கைப்பையிலிருந்து மிச்சமிருந்த காட்டுகளை எடுத்து மகளிடம் கொடுக்கும்படி என் பக்கம் தள்ளினாள்.

"இனிக் காணும். ஹோல் கொள்ளாது. பிள்ளை பாவம்."

"ஓம்."

"கல்யாணத்தண்டு நான் விடிய வெள்ளெனப் பிள்ளையைச் சோடிக்கிற இடத்துக்கு நேர வந்திடுவன். நீங்கள் ஐயரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வேட்டியை முதல்நாளே அயர்ன் பண்ணி வையுங்கோ, போன கல்யாணத்தில மாதிரிக் கசங்கிக் கிடக்காமல்."

"ஓம்."

அவள் எழும்பினாள். நான் எழும்பவில்லை. எழும்பினால் என் முகம் முழு வெளிச்சத்தில் தெரியும். குனிந்து காட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மேலே இருந்த காட்டில் எங்கள் இருவரின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் பொன் எழுத்தில் இருந்தது, அதன் மேல் ஒரு துளி விழுந்துவிட்டது. அவசரமாகச் சட்டைக் கையால் துடைத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"தாரை வார்க்கேக்கை அழுதிடுவியளோ?" என்று கேட்டாள்.

"மாட்டன்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அழுதாலும் பரவாயில்லை" என்றாள். "பிள்ளைக்காக எண்டு சனம் நினைக்கும்."